இரண்டு நாளில் மோனே வரையலாம் என்றார்கள்

சென்னையில் வார இறுதி ஆயில் பெயிண்டிங் வகுப்புக்குப் பணம் கட்டப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். நான் 6,500 ரூபாய் கட்டி ஏமாந்தேன்.

விளம்பரத்தில் இருந்தது பிரெஞ்சு ஓவியர் மோனேயின் துறைமுகம், ‘இம்ப்ரஷன், சன்ரைஸ்’. பிரான்ஸின் லெ ஆவ்ர் துறைமுகத்தில், மூடுபனிக்குள் சூரியன் எழும் அந்தப் படம். 1874இல் பாரிஸில் அதைக் காட்சிக்கு வைத்தபோது லூயி லெரோவா என்ற விமர்சகர் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கிண்டலடிக்கப் போய்த்தான் மோனேயோடு சேர்ந்த ஓவியர்களுக்கு ‘இம்ப்ரஷனிஸ்ட்’ என்ற பெயர் பரவியது. “பொருள்கள் எல்லாம் ஆர்ட்டிஸ்ட் தரம். இரண்டே நாளில் வரைந்து, வார்னிஷ் அடித்து, வீட்டுக்கு எடுத்துப் போகலாம்” என்று போட்டிருந்தார்கள். வார்னிஷ் என்றதுமே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஆயில் பெயிண்ட் காய்வது ஈரத்துணி காய்வது மாதிரி இல்லை. பெயிண்டில் இருக்கும் ஆளி விதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெதுவாக இறுகுகிறது. மெல்லிய பூச்சே தொட்டால் ஒட்டாமலிருக்கச் சில நாள் ஆகும். தடித்த பூச்சுக்கு வாரக்கணக்கு. கடைசி வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறுப்பதுதான் வழக்கம். மாஸ்டரோ ஞாயிறு நான்கு மணிக்கு ஹேர் டிரையர் பிடித்தார், ஐந்து மணிக்கு வார்னிஷ் அடித்தார், பப்பிள் ராப்பில் சுற்றிக் கையில் கொடுத்துவிட்டார். மூன்று வாரம் கழித்துப் பிரித்தேன். கடல் முழுக்கக் குமிழ் அச்சு. படகு பாதி பிளாஸ்டிக்கோடு வந்துவிட்டது. வானத்தில் வார்னிஷ் வெடித்திருந்தது, அடியில் பெயிண்ட் இன்னும் பிசுபிசு.

திருப்பிப் பார்த்தால் கேன்வாஸின் பின்பக்கம் எண்ணெய்த் திட்டுகள். ஜெஸ்ஸோ, அதாவது வரைவதற்கு முன் கேன்வாஸில் பூசும் வெள்ளை அடிப்பூச்சு, ஒழுங்காகப் பூசாத துணி எண்ணெயை உறிஞ்சிவிடும், நாளடைவில் துணியும் இற்றுப்போகும்.

‘ஆர்ட்டிஸ்ட் தரம்’ கதையையும் சொல்லிவிடுகிறேன். நல்ல ட்யூபில் நிறமியின் எண் அச்சாகியிருக்கும். அசல் கேட்மியம் ஆரஞ்சு என்றால் பிஓ 20. எங்களுக்குக் கொடுத்த ட்யூபில் எண்ணே இல்லை. ஓரத்தில் பொடி எழுத்தில் ‘ஹியூ’ என்று இருந்தது. அதாவது விலை குறைந்த மாற்று நிறமி. பழகுவதற்கு அதுவே போதும், குறையே சொல்ல மாட்டேன். ஆனால் அசலுக்கான பணத்தை எதற்கு வாங்க வேண்டும்? டர்பென்டைன் என்று லேபிள் இல்லாத பாட்டிலில் வந்ததோ, வாசல் கேட்டுக்கு அடிக்கும் பெயிண்டில் கலக்கிற தின்னர் வாசனை அடித்தது. ஏசி அறை, ஜன்னல் சாத்தியிருந்தது, பன்னிரண்டு பேர். மதியத்துக்குள் எனக்குத் தலைவலி.

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம், சொல்லிக் கொடுத்ததாவது சரியா என்றால் அதுவும் இல்லை. “சூரியன் பளிச்சென்று இருக்க வேண்டும், வெள்ளை சேருங்கள்” என்றார். மோனேயின் படத்தைப் போனில் கருப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள், சூரியன் கிட்டத்தட்டக் காணாமல் போகும். சுற்றியுள்ள வானத்தின் வெளிச்ச அளவுதான் அதற்கும். நீலம் கலந்த சாம்பல் நடுவே ஆரஞ்சு என்பதால்தான் அது அப்படித் துடிக்கிறது. என் படத்தை மாற்றிப் பார்த்தேன், ட்யூப்லைட் போட்ட மாதிரி ஒரு வட்டம்.

புகார் சொன்னதும், “சென்னை வெயிலுக்கு அப்படித்தான் ஆகும் சார்” என்று பதில். நான் வைத்திருந்தது பீரோவுக்குள். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

பணம் கட்டுமுன் ட்யூபின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். படம் காய எத்தனை நாள் ஆகும் என்றும் கேளுங்கள். “அன்றைக்கே” என்றால் ஆளை மாற்றுங்கள். பணம் அனுப்பிய ரசீதையும் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் அழிக்காதீர்கள். நான் விளம்பரத்தை எடுத்து வைக்கவில்லை, இப்போது அதுவும் இல்லை.

நேற்று வேறொரு எண்ணிலிருந்து, அதே எழுத்துப்பிழைகளோடு ஒரு செய்தி வந்தது. அடுத்த பேட்ச் வான்கோவாம், 7,000 ரூபாய்.