பழைய லேஅவுட்டில் காலி மனை விலைக்கு வருகிறதா? பூங்கா இடமாக இருக்கலாம், உஷார்

இருபது முப்பது வருஷத்துக்கு முன் அனுமதி வாங்கிய நகர்களில், சுற்றிலும் வீடுகள் வந்தபின் நடுவில் ஓரிடம் மட்டும் திடீரென்று விற்பனைக்கு வரும். இப்படி வாங்கி ஏமாந்தவர்கள் காட்டும் காகிதங்களில் பட்டா சரியாக இருக்கும், வில்லங்கமும் சுத்தமாக இருக்கும். ஏமாற்றே அதில்தான் இருக்கிறது.

அனுமதி வரைபடத்தில் பூங்கா என்று காட்டிய இடத்தை உள்ளாட்சிக்குத் தானப்பத்திரமாக எழுதித் தர வேண்டும். பல பழைய நகர்களில் அதை எழுதவே இல்லை. பட்டா பழைய உரிமையாளர் பெயரிலேயே நிற்கும். கைமாறாத இடம் என்பதால் வில்லங்கச் சான்றில் ஒன்றும் வராது. பிறகு வாரிசோ பவர் (உரிமையாளர் சார்பில் விற்கும் அதிகாரம்) வாங்கியவரோ கூறுபோட்டு விற்கிறார். பத்திரம் பதிவாகிவிட்டது என்பதால் பூங்கா மனையாகிவிடாது. பெங்களூரில் பூங்கா இடத்தைத் தனியார் மருத்துவமனைக்கு ஒதுக்கியது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது.

பூங்காவை விற்கும் ஆசைக்குக் காரணம் அதன் அளவுதான். தமிழ்நாட்டின் 2019 விதிகளில், 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட்டில் சாலை போக மீதியில் 10 சதவீதம் திறந்தவெளியாக விட வேண்டும். ஐந்து ஏக்கரில் (20,234 சதுர மீட்டர்) சாலைக்கு 5,000 போனால் திறந்தவெளி 1,523. ஆறரை கிரவுண்டுக்கு (ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி) மேல்! தெருவின் மழைநீர் இறங்கவும் பிள்ளைகள் ஓடியாடவும் மிஞ்சும் ஒரே மண் அது.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் சி.எம்.டி.ஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அல்லது டி.டி.சி.பி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் தந்த வரைபட நகலை நீங்களே வாங்குங்கள். விற்பவர் தரும் ஜெராக்ஸை நம்பாதீர்கள். பூங்காவை அழித்துவிட்டு மனை எண் போட்ட நகல்கள் உண்டு. விற்பவர் சொல்லும் மனை எண் கடைசி மனை எண்ணுக்கு மேலாகவோ, '24-ஏ' போன்ற ஒட்டு எண்ணாகவோ இருந்து, ஒப்புதல் வரைபடத்தில் அது இல்லையென்றால் அதோடு நிறுத்திவிடுங்கள். டேப்பை எடுத்துப் போய் சாலை முனையிலிருந்து அளந்து, வரைபடத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். தானப்பத்திர எண்ணைக் கேட்டு உள்ளாட்சிக்கு 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். வில்லங்கத்தை மனை எண்ணுக்கு மட்டும் போடாமல் முழு சர்வே எண்ணுக்கும் போடுங்கள். அ-பதிவேட்டில் (வருவாய்த் துறையின் நிலப் பதிவேடு) அந்த இடம் ஓடை, வாய்க்கால் என்று இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? கட்டடம் எழுப்பாதீர்கள், அந்தப் பணமும் போகும். விற்றவருக்கு உடனே வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். மோசடி தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்டு வழக்குப் போட்டாக வேண்டும்.