ஜியாலஜி டிபார்ட்மென்ட்டுக்கு ஒரே ஒரு கருவின்னா எது: ஜிபிஆரா, சீஸ்மிக்கா, ரெசிஸ்டிவிட்டியா?

பி.எஸ்சி ஜியாலஜில மூணு வருஷமும் பாறைய தட்டிப் பாத்துட்டே பசங்க வெளிய போயிடுறாங்க, மண்ணுக்கு அடியில என்ன இருக்குன்னு ஒரு தடவை கூட சொந்தமா அளந்து பாத்திருக்க மாட்டாங்க. சரி, கொஞ்சம் காசு வருதுன்னு வைங்க, என்ன வாங்கலாம்?

எல்லார் கண்ணும் மொதல்ல ஜிபிஆர் மேலதான் போகும், அதாவது தரைக்குள்ள ரேடியோ அலைய அனுப்பி எதிரொலிய பாக்குற ரேடார். தள்ளிட்டே போனா ஸ்க்ரீன்ல உடனே படம் ஓடும், அடியில பைப் இருந்தா கவுத்துப்போட்ட 'ப' மாதிரி வளைவு வரும், பசங்க குஷியாயிடுவாங்க. ஆனா களிமண், உப்புத்தண்ணி ரெண்டும் சிக்னல முழுங்கிடும். டெல்டா பக்கத்து காலேஜ்னா யோசிச்சு வாங்குங்க.

சீஸ்மிக் ரெஃப்ராக்‌ஷன்ல பிசிக்ஸ் நல்லா புரியும், தரையில அடிச்ச அதிர்வு அலை அடிப்பாறை வழியா வளைஞ்சு வர்ற நேரத்த அளக்குறதுதான் இது. இரும்புத்தட்டுல சம்மட்டி அடி, வரிசையா ஜியோஃபோன் (தரை அதிர்வ புடிக்கிற சென்சார்), மொத அலை எப்ப வந்துச்சுன்னு குறிச்சு கிராஃப் போட்டா கோட்டோட சரிவுல இருந்தே வேகம் கெடச்சிடும். காஞ்ச மேல்மண்ணுல செகண்டுக்கு சில நூறு மீட்டர், சிதையாத சார்னகைட் மாதிரி கெட்டிப்பாறையில 5,000க்கு மேல. ரோட்டுல ஒரு பஸ் போனா மறுபடி அடிக்கணும், அவ்ளோதான்.

என் ஓட்டு ரெசிஸ்டிவிட்டிக்கு, மண்ணும் பாறையும் கரண்ட எவ்ளோ தடுக்குதுன்னு அளக்குறது. நாலு கம்பி, வெளி ரெண்டுல கரண்ட், உள்ள ரெண்டுல வோல்டேஜ். கம்பிய சம இடைவெளியில நடுற வென்னர் முறைல கணக்கு ஈஸி, 2πa-வ (a-ன்னா அந்த இடைவெளி) V/I-ஆல பெருக்கினா போதும், ஆனா ஆழம் கூட்டுற ஒவ்வொரு தடவையும் நாலையும் பிடுங்கி நடணும். ஷ்லம்பர்ஜர் முறைல பெரும்பாலும் வெளிக்கம்பிய மட்டும் நகத்துனா போதும், அதனால மொதல்ல வென்னர், கை வலிச்சதும் ஷ்லம்பர்ஜர்!

ஒரு மே மாசம் எங்களுக்கு ரீடிங் கன்னாபின்னான்னு குதிச்சுது, மீட்டர் போச்சுன்னே முடிவு பண்ணிட்டோம், ஒரு பையன் உப்புத்தண்ணி கரைச்சு கம்பி அடியில ஊத்துனான், நம்பர் அப்படியே நின்னுடுச்சு. காண்டாக்ட் ரெசிஸ்டன்ஸ, அதாவது காஞ்ச மண்ணுல கம்பி சரியா ஒட்டாம கரண்ட் தடைபடுறத, அதுக்கப்புறம் நான் போர்டுல எழுதவே இல்ல.

இதுலயும் வம்பு உண்டு, களிமண்ணும் உப்புத்தண்ணியும் ஒரே மாதிரி கம்மியா காட்டும். அதனால ஏற்கனவே போர்வெல் போட்ட தோட்டமா பாத்து போங்க, எத்தனை அடியில பாறை வந்துச்சுன்னு தோட்டக்காரர் சொல்லிடுவார், தேங்காய் வச்சு நீரோட்டம் பாத்த கதையும் சேந்து வரும். லாக்-லாக் ஷீட்ல கையால ப்ளாட் போடாம ஐபிஐ2வின் சாஃப்ட்வேர் பக்கமே பசங்கள விடாதீங்க.

காசே வரலையா? போன்ல ஃபைஃபாக்ஸ் ஆப் போட்டு காந்தப்புலம் பாருங்க, நம்ம ஊர்ல 40 மைக்ரோடெஸ்லா பக்கம் காட்டும். டைக் (பாறை விரிசல்ல புகுந்து இறுகுன தீப்பாறைச் சுவர்) தேட அது பத்தாது, ஆனா பைக் பக்கத்துல போனதும் நம்பர் எகிறும் பாருங்க, மேக்னடிக் சர்வேக்கு வரும்போது சாவிக்கொத்தையும் பெல்ட்டையும் ஏன் கழட்டச் சொல்றோம்னு அன்னைக்கே புரிஞ்சிடும்.