க்னோசோஸ் போகிறவர்கள் டிக்கெட் வாங்கும் முன் இதைப் படியுங்கள்: எங்களுக்கு 177 யூரோ போனது

நேற்று காலை பத்து மணிக்கு, கிரேக்க நாட்டின் கிரீட் தீவில் இருக்கும் க்னோசோஸ் அரண்மனை வாசலில், செல்லாத டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றோம். நான், வீட்டுக்காரர், எழுபத்து மூன்று வயது அப்பா. மூன்று பேருக்கும் சேர்த்து 177 யூரோ. நம் ஊர்க் கணக்கில் 17,000 ரூபாய்க்கு மேல். ஹெராக்லியோனில் ஹோட்டல் அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன், கோபம் இன்னும் அடங்கவில்லை. இதே வலையில் இன்னும் யாராவது விழக்கூடாது. என்னென்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

விற்றது சுற்றுலா டிக்கெட் விற்கும் ஒரு இணையதளம். பெயர் போட வேண்டாம் என்கிறார் வீட்டுக்காரர். வங்கியில் புகார் கொடுத்திருக்கிறோம், அது முடிகிற வரை பெயர் சொல்லி எழுதினால் வேறு வம்பு வரும் என்கிறார். அதனால் பெயர் இல்லை. ஆனால் அதன் லட்சணங்களைச் சொல்கிறேன், பார்த்தாலே தெரிந்துவிடும்.

அப்பா அரசுப் பள்ளியில் 31 வருஷம் வரலாற்று ஆசிரியர். கிரீட்டில் இருந்த பழங்கால மினோவன் நாகரிகம் பற்றிப் பாடம் எடுக்கும்போதெல்லாம் கரும்பலகையில் க்னோசோஸின் சிவப்புத் தூண்களை வரைந்து காட்டுவாராம். மேலே அகலம், கீழே வரவரக் குறுகும், தலைகீழாக நட்டு வைத்தது போல. மூன்று மாத விசாவில் எங்களிடம் ஜெர்மனி வந்தவர், "எங்கே போகணும்ப்பா" என்று கேட்டதும் பாரிஸ் என்று சொல்லவில்லை, சுவிட்சர்லாந்து என்று சொல்லவில்லை. க்னோசோஸ் என்றார். அதனால்தான் எனக்கு இவ்வளவு வயிற்றெரிச்சல்.

ஒரு மாதம் முன்பு இரவு சாப்பாடு முடிந்து டிக்கெட் தேடினேன். தேடலில் முதலில் வந்ததைத் திறந்தேன். முகவரியிலேயே க்னோசோஸ் என்ற பெயர் இருந்தது. நீலமும் வெள்ளையுமாகக் கிரேக்கக் கொடி நிறத்தில் பக்கம், மேலே அந்தச் சிவப்புத் தூண்கள். "அதிகாரப்பூர்வ" என்ற சொல் நாலு இடத்தில். எதற்கு அதிகாரப்பூர்வம் என்பது ஓர் இடத்திலும் இல்லை, அதை நான் அன்றைக்குப் பார்க்கவில்லை. 2025 ஜூலையில் மினோவன் அரண்மனைகள் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன அல்லவா, அதையும் பயன்படுத்திக்கொண்டார்கள். கூட்டம் அதிகமாகிவிட்டது, உங்கள் தேதிக்கு இன்னும் 3 இடம்தான் இருக்கிறது என்று ஒரு கடிகாரம் வேறு ஓடிக்கொண்டிருந்தது.

ஒருவருக்கு 59 யூரோ. குறித்த நேரத்தில் நுழைவு, உரிமம் பெற்ற வழிகாட்டி, இரண்டு மணி நேரம், சிறிய குழு. எனக்குச் சந்தேகம் வந்தது. அரசு டிக்கெட் 20 யூரோதான் என்று படித்திருந்தேன். மீதி வழிகாட்டிக்கு என்றாலும், நுழைவு நிஜமாகவே இதில் சேர்த்தியா? வீட்டுக்காரர் அவர்களுடைய சாட்டில் அதையே கேட்டார். ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது: ஆமாம், எல்லாம் சேர்த்துத்தான், வரிசையில் நிற்கவே வேண்டாம். அப்பாவுக்கு முட்டி வலி, வேகமாக நடக்க முடியாது என்றும் எழுதினார். அதற்கு வந்த பதில்தான் எங்களைச் சாய்த்தது. "கவலைப்படாதீர்கள், பெரியவர் வருகிறார் என்று வழிகாட்டியிடம் சொல்லிவைக்கிறோம், நிழலான இடங்களில் நிறுத்தி விளக்குவார்." இவ்வளவு அக்கறையாகப் பேசுகிறவர்கள் ஏமாற்றுவார்கள் என்று எப்படித் தோன்றும்? அட்டை எண்ணைப் போட்டேன். 177 யூரோ உடனே போனது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "வழிகாட்டி கிட்ட லீனியர் பி பத்திக் கேக்கணும்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். க்னோசோஸில் கிடைத்த பழைய எழுத்து அது.

நேற்று காலை ஹெராக்லியோனிலிருந்து 2-ஆம் எண் நகரப் பேருந்தில் போனோம். ஊரிலிருந்து 5 கிலோமீட்டர்தான், பேருந்து வாசலிலேயே இறக்கிவிடுகிறது. நுழைவாயிலில் ஓர் இளம்பெண் எங்கள் கியூஆர் குறியீட்டைக் கருவியில் காட்டினாள். சிவப்பு விளக்கு. மறுபடி காட்டினாள். மறுபடியும் சிவப்பு. "இது எங்கள் டிக்கெட் இல்லை" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தத்தோடுதான் சொன்னாள். அன்று காலை மட்டும் அவளிடம் அப்படி வந்த மூன்றாவது குடும்பம் நாங்கள்.

வழிகாட்டியைச் சந்திக்கும் இடம் என்று ரசீதில் போட்டிருந்தது: எவன்ஸ் சிலைக்குப் பக்கத்தில், நீலக் குடை. எவன்ஸ், க்னோசோஸைத் தோண்டிய ஆங்கிலேயத் தொல்லியலாளர். அவர் சிலை எங்கே என்று வாசலில் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "உள்ளே, மேற்கு முற்றத்தில்" என்றாள். அதாவது டிக்கெட் இல்லாமல் போகவே முடியாத இடத்தில் நின்றுகொண்டு டிக்கெட் தருகிறவரைச் சந்திக்க வேண்டும்! ஒரு மாதமாக அந்த ரசீது என் போனில் இருக்கிறது. சிலை வாசலுக்கு உள்ளேயா வெளியேயா என்று பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

போன் செய்தோம். பதிவு செய்த குரல், அப்புறம் இசை, அப்புறம் மறுபடி அதே குரல். 25 நிமிஷம். அப்பா ஒரு பைன் மர நிழலில் நின்றார், உட்கார இடமில்லை. சாட்டில் எழுதினோம். முதல் பதில்: "உங்கள் வழிகாட்டி உள்ளே காத்திருக்கிறார்." உள்ளே போக டிக்கெட் வேண்டுமே என்றதும் வேறு பெயரில் ஒருவர் வந்தார். நாங்கள் வாங்கியது செயலியில் கேட்கும் ஒலி வழிகாட்டியாம், நுழைவுச்சீட்டை நாங்களே தனியாக எடுத்துக்கொள்ள வேண்டுமாம். அப்படியென்றால் ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் சொன்ன, உள்ளே காத்திருக்கிற அந்த வழிகாட்டி யார்? அதற்குப் பதிலே இல்லை. மூன்றாவதாக வந்தவர், பத்தரை மணி ஆகிவிட்டது, நீங்கள் வராதவர்கள் என்று பதிவாகிவிட்டது, பணம் திரும்பத் தர விதியில் இடமில்லை என்றார். வாசலில்தானே நிற்கிறோம் என்று படம் எடுத்து அனுப்பினோம். சாட் மூடிவிட்டது.

ரசீதின் அடியில், சாம்பல் நிற எழுத்தில், பெரிதாக்கினால் மட்டும் தெரிகிற அளவில் ஒரு வரி இருந்தது: நுழைவுக் கட்டணம் சேராது. முதல் பக்கத்தில் இருந்தது வேறு, பணம் கட்டியபின் வந்தது வேறு. அன்று இரவு அக்கறையாகப் பேசிய அந்த உரையாடலைத் தேடினால், எங்கள் கணக்கில் அது இல்லவே இல்லை. துடைத்துவிட்டார்கள்.

வாசலில் கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு வழிகாட்டி அம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். கிரேக்கத்தில் வழிகாட்டி வேலைக்கு அரசு உரிமம் வேண்டும், அட்டை இல்லாதவரிடம் பணம் கொடுக்காதீர்கள் என்று அவர்தான் சொன்னார். அவர் குழு கிளம்பும் நேரம், எங்களால் சேர முடியவில்லை. கவுன்டரில் ஆளுக்கு 20 யூரோ, மொத்தம் 60 யூரோ கொடுத்து வாங்கினோம். இப்போது அங்கே நேரம் குறித்த நுழைவுதான். எங்களுக்குக் கிடைத்தது 12 மணி.

அப்புறம் என்ன, உச்சி வெயிலில் உள்ளே போனோம். அந்த இடத்தில் நிழல் மிகக் குறைவு. வழிகாட்டி இல்லாததால் அப்பாவே சொல்லிக்கொண்டு வந்தார். முதலில் தோண்டியது எவன்ஸ் இல்லை, இந்த ஊர்க்காரர் மினோஸ் கலோகேரினோஸ், 1878-இல். எவன்ஸ் 1900-இல்தான் ஆரம்பித்தார். நாம் பார்க்கிற தூண்களும் மாடிகளும் பெரும்பாலும் எவன்ஸ் கான்கிரீட்டில் திரும்பக் கட்டியவை என்று சொல்லி, அந்தச் சிவப்புத் தூணையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். லீனியர் பி எழுத்தை 1952-இல் முதன்முதலில் படித்துப் புரிந்துகொண்டவர் மைக்கேல் வென்ட்ரிஸ், தொழிலால் கட்டடக் கலைஞர். அதற்கு முந்தைய எழுத்தான லீனியர் ஏ-யை இன்றுவரை யாராலும் படிக்க முடியவில்லை. இதைச் சொல்லும்போது அப்பா முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் புரியாவிட்டாலும் அவரையே பார்த்தார்கள்.

அரியணை அறைக்கு நீண்ட வரிசை. முன்னறையிலிருந்துதான் அந்தக் கல் ஆசனத்தைப் பார்க்க விடுகிறார்கள். அதைப் பார்த்து முடித்து வெளியே வந்ததும் அப்பா ஒரு சுவரில் சாய்ந்துவிட்டார். "போதும்மா, நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க" என்றார். வடக்குப் பக்கம் அரச வீதி இருக்கிறது, ஐரோப்பாவின் மிகப் பழைய சாலைகளில் ஒன்று என்பார்கள். அதில் நாலடி நடக்க வேண்டும் என்று புறப்படுவதற்கு முன்பே சொல்லியிருந்தார். நடக்கவில்லை. பத்து மணிக்கே உள்ளே போயிருந்தால் நடந்திருப்பார். 177 யூரோவை வங்கி திருப்பித் தரலாம், இதை யார் தருவார்கள்?

மாலையில் அந்தத் தளத்திலிருந்து மின்னஞ்சல். நல்லெண்ண அடிப்படையில் 15 யூரோவுக்கு ஒரு கூப்பன், 30 நாளுக்குள் அவர்களிடமே பயன்படுத்த வேண்டும். 177 யூரோவுக்கு 15! வேண்டாம், பணம்தான் வேண்டும் என்று எழுதினோம். 72 மணி நேரத்தில் பதில் வரும் என்றார்கள். இன்று காலையே வந்துவிட்டது: "உங்கள் புகார் தீர்க்கப்பட்டு மூடப்பட்டது." வங்கியில் கேட்டால், நீங்களே ஒப்புதல் கொடுத்த பரிவர்த்தனை, விசாரிக்கச் சில வாரங்கள் ஆகும் என்கிறார்கள்.

இன்று ஹெராக்லியோன் தொல்பொருள் அருங்காட்சியகம் போனோம். கவுன்டரிலேயே டிக்கெட், ஐந்து நிமிஷம்தான் ஆனது. க்னோசோஸின் காளை தாண்டும் ஓவியத்தின் அசல் இங்கேதான் இருக்கிறது, அரண்மனைச் சுவர்களில் இருப்பவை நகல்கள். 1908-இல் கிடைத்த பைஸ்டோஸ் வட்டும் இங்கேதான், புரியாத குறியீடுகள் பதித்த, சுமார் 16 சென்டிமீட்டர் அகலச் சுட்ட மண் தகடு. அதன் முன்னால் இருந்து அப்பாவை நகர்த்த முடியவில்லை. நேற்றைய களைப்பு கொஞ்சம் போனது.

சரி, சொல்ல வேண்டியவை. விரிவாக எழுத இப்போது முடியவில்லை, போனில் சார்ஜும் இல்லை.

தேடலில் முதலில் வருவதைத் திறக்காதீர்கள், அது பெரும்பாலும் விளம்பரம். கிரேக்கப் பண்பாட்டு அமைச்சகத்தின் டிக்கெட் தளம் எது என்று பார்த்து அதில் மட்டும் வாங்குங்கள், அல்லது கவுன்டரில். சாட்டில் சொல்வதை அன்றே படம் பிடித்து வையுங்கள். எங்களிடம் அது இருந்திருந்தால் வங்கியில் இவ்வளவு கெஞ்ச வேண்டியதில்லை. சந்திக்கும் இடம் வாசலுக்கு வெளியேதானா என்று வரைபடத்தில் பாருங்கள். வழிகாட்டி வேண்டுமென்றால் வாசலிலேயே அட்டையோடு நிற்கிறார்கள். காரில் போகிறவர்கள், வழியில் கையைக் காட்டித் தங்கள் நிறுத்துமிடத்துக்கு இழுப்பவர்களைக் கண்டு வண்டியைத் திருப்பாதீர்கள். வயதானவர்களைக் கூட்டிப் போனால் காலை முதல் நேரம்தான்.

நாளை இன்னொரு மினோவன் அரண்மனையான பைஸ்டோஸ் போகிறோம், இங்கிருந்து தென்மேற்கே 60 கிலோமீட்டர். அப்பா தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் பையில் எடுத்து வைத்துவிட்டார். "டிக்கெட்டை அங்கேயே வாங்கிக்கலாம்மா" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார். 177 யூரோ இன்னும் வரவில்லை. வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.