இணைப்பு ஹைட்ராலிக் சஸ்பென்ஷனோடு எட்டு ஆண்டுகள்

எட்டு ஆண்டுகளில் 1,46,000 கிலோமீட்டர் ஓடியிருக்கும் என்னுடைய நான்கு சக்கர இயக்க வண்டியில், வளைவில் சாயாமல் தடுக்கும் கம்பியான ஆன்டி-ரோல் பார் கிடையாது. அடியில் படுத்துப் பார்க்கும் மெக்கானிக்குகளில் பாதிப்பேர் முதலில் கேட்பது, அதை யார் கழற்றினார்கள் என்பதுதான். யாரும் கழற்றவில்லை. அந்தப் பாரின் வேலையை, நான்கு சக்கரங்களிலும் உள்ள ஹைட்ராலிக் சிலிண்டர்களைத் தமக்குள் இணைத்து ஓடும் இரண்டு ஆயில் குழாய்த் தொகுதிகள் செய்கின்றன. இத்தகைய அமைப்பின் நன்மைகளை முதல் நாளே ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டுவிடலாம். அதன் தொல்லைகளோ ஐந்தாம் ஆண்டுக்கு முன் தலைகாட்டுவதில்லை. அதனால்தான் இவ்வளவு காலம் பொறுத்திருந்து எழுதுகிறேன். என் பேச்சு அமைப்பைப் பற்றியது என்பதால் வண்டியின் பெயரையும் தயாரிப்பாளரையும் தவிர்த்திருக்கிறேன்.

இந்த அமைப்பு எதற்காக வந்தது என்பதைப் புரிந்துகொள்ள, சாதாரண ஆன்டி-ரோல் பார் எங்கே தடுமாறுகிறது என்று பார்க்க வேண்டும். அது இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் சேர்த்துக் கட்டிய ஒரு முறுக்குக் கம்பி. வளைவில் வண்டி ஒருபுறம் சாயும்போது அந்தக் கம்பி முறுக்கேறிச் சாய்வைத் தடுக்கிறது. ஆனால் சாய்கிறதா, அல்லது ஒரு சக்கரம் மட்டும் கல்மீது ஏறுகிறதா என்று பிரித்தறிய அதற்குத் தெரியாது. இரண்டையும் ஒன்றாகவே எதிர்க்கும். கம்பியைத் தடிமனாக்கினால் வளைவில் நிமிர்ந்து நிற்கும் வண்டி, கரடுமுரடான பாதையில் உள்ளே இருப்பவர்களின் தலையை இடமும் வலமுமாக ஆட்டி எடுத்துவிடும். பள்ளத்துக்குள் இறங்க வேண்டிய சக்கரத்தை அந்தரத்தில் தொங்கவும் விடும். மெல்லியதாக்கினால் நெடுஞ்சாலையில் உயரமான வண்டி படகாகிவிடும். உயரமான வண்டியை வடிவமைப்பவர்கள் பல ஆண்டுகளாக இந்த இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஓர் இடத்தில் சமாதானம் செய்துகொண்டுதான் வந்திருக்கிறார்கள்.

என் வண்டியில் இருக்கும் ஏற்பாடு, சொல்லக் கேட்கும்போது சிக்கலாகத் தோன்றினாலும், காகிதத்தில் வரைந்து பார்த்தால் வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. ஒவ்வொரு சிலிண்டரிலும் பிஸ்டனுக்கு இருபுறமும் ஆயில் நிறைந்த அறைகள் உண்டு. சக்கரம் மேலே வந்தால் ஓர் அறை சுருங்கும். இதை அமுக்க அறை என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் கீழே இறங்கினால் சுருங்குவது நீட்சி அறை. இடப்பக்கத்து முன், பின் சிலிண்டர்களின் அமுக்க அறைகளும், வலப்பக்கத்து முன், பின் சிலிண்டர்களின் நீட்சி அறைகளும் ஒரே குழாய்த் தொகுதியைச் சேர்ந்தவை. மீதமுள்ள நான்கு அறைகளும் இரண்டாவது தொகுதி. ஒவ்வொரு தொகுதிக்கும் ஓர் அக்குமுலேட்டர், அதாவது மிகுதியாகும் ஆயிலை வாங்கிக்கொள்ளும் நைட்ரஜன் அடைத்த கலன், உண்டு.

வலப்பக்கம் திரும்பும் வளைவில் வண்டியின் உடல் இடப்பக்கம் சாயப் பார்க்கும். அப்போது இடப்பக்கச் சிலிண்டர்கள் அமுங்குவதும் வலப்பக்கச் சிலிண்டர்கள் நீள்வதும் ஆகிய இரண்டும் முதல் தொகுதிக்குள்ளேயே ஆயிலைத் தள்ளுகின்றன. போக்கிடம் இல்லாமல் அழுத்தம் ஏறி, சாய்வு நின்றுவிடுகிறது. வேகத்தடை மீது ஏறும்போது இரு பக்கமும் சேர்ந்து அமுங்குவதால், ஒரு பக்கம் வெளியேறும் ஆயிலை மறுபக்கம் வாங்கிக்கொள்கிறது. பிஸ்டன் தண்டின் கன அளவுக்கு ஈடான சிறு பகுதி மட்டுமே அக்குமுலேட்டருக்குப் போகிறது. குறுக்காக முறுக்கும் நிலத்தில், அதாவது முன் இடது சக்கரம் பாறைமேலும் பின் இடது சக்கரம் குழிக்குள்ளும் இருக்கும் நிலையில், முன்னால் இருந்து பின்னால் ஆயில் தாராளமாக ஓடிவிடுகிறது. சென்சார் இல்லை, கணினி இல்லை, பம்ப் இல்லை. குழாய் எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போகிறது என்பதிலேயே முடிவெடுக்கும் அறிவு அடங்கியிருக்கிறது. எட்டு ஆண்டுகள் கழித்தும் இந்த ஒரு விஷயத்தில் என் மதிப்பு குறையவில்லை.

இணைப்பு சஸ்பென்ஷன்கள் எல்லாமே இதே வேலையைச் செய்வதாக எண்ணிவிடக் கூடாது. 1948-இல் வந்த சித்ரோயன் 2சிவி முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் ஸ்பிரிங் வழியாக இணைத்தது. அதில் ஆயில் கிடையாது. அலெக்ஸ் மோல்டன் உருவாக்கிய ஹைட்ரோலாஸ்டிக், 1962-இல் பிஎம்சி நிறுவனத்தின் 1100 காரில் வந்தது. அதில் நீரும் ஆல்கஹாலும் கலந்த திரவம் ஒவ்வொரு பக்கத்திலும் முன்னிருந்து பின்னுக்கு ஓடியது. முன் சக்கரம் மேட்டில் ஏறியதும் பின்பகுதியும் சற்று உயரும். சிறிய காரின் குதிரை ஆட்டம் அடங்கிவிடும். ஆடியின் ஆர்எஸ் கார்களில் வரும் டைனமிக் ரைடு கன்ட்ரோல் மூலைவிட்டமாக இணைக்கிறது. என்னுடையதைப் போன்ற குறுக்கு இணைப்பின் பின்னணியில் மேற்கு ஆஸ்திரேலியாவின் கைனெட்டிக் நிறுவனத்தின் வேலை இருக்கிறது. அதை வாகன உதிரிபாக நிறுவனமான டென்னகோ 1999-இல் வாங்கியது. 2011-இல் வந்த மெக்லாரன் எம்பி4-12சி-யும் ஆன்டி-ரோல் பார் இல்லாமல், ஆயில் இணைப்பைக் கொண்டே சாய்வைக் கட்டுப்படுத்தியது. பாறையில் ஏறும் வண்டிக்கும் பந்தயத் தடத்தில் பாயும் காருக்கும் ஒரே தத்துவம் பொருந்துவது முதலில் எனக்கு விசித்திரமாகவே பட்டது. சாய்வையும் முறுக்கையும் பிரிக்கத் தெரிந்த அமைப்பு இருவருக்கும் வேண்டும் என்பது பிறகுதான் உறைத்தது.

இனி சாலை அனுபவம். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி கிட்டத்தட்டத் தட்டையாகத் திரும்புகிறது. பழைய வண்டியில் மலையேறும்போது தவறாமல் வாந்தியெடுத்த உறவினர் ஒருவர் இதில் தூங்கிக்கொண்டு வருகிறார். கூரை கேரியரில் சுமை ஏற்றிய நாள்களில் வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும். அதே வேளையில், ஒரு சக்கரம் மட்டும் குழியில் விழும்போது வரும் பக்கவாட்டு உதறல் குறைவாகவே இருக்கிறது. ஒற்றைச் சக்கரத்தின் அசைவைப் பிரித்துப் பார்த்தால் அதில் கால் பங்குதான் சாய்வு, மற்றவை முழு உடலின் ஏற்ற இறக்கம், முன்பின் ஆட்டம், முறுக்கு என்பவை. இந்த அமைப்பு கடுமையாக எதிர்ப்பது சாய்வை மட்டுமே. பிரேக்கில் மூக்கு குனிவதை இது தடுப்பதில்லை. முன்னும் பின்னும் ஒரே தொகுதியில் இருப்பதால் முன்பக்கம் அமுங்கும்போது ஆயில் பின்பக்கம் போய்விடுகிறது; அந்தப் பொறுப்பு முழுவதும் ஸ்பிரிங்குகளுக்கும் தணிப்பு வால்வுகளுக்கும் உரியது. வளைவில் அசையாத வண்டி பிரேக்கில் மட்டும் ஏன் இப்படித் தலைகுனிகிறது என்று முதல் மாதம் குழம்பினேன். ஓட்டுநர் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. சாய்வு குறைவாக இருப்பதால் வேகத்தின் எச்சரிக்கையும் குறைந்துபோகிறது. டயர் பிடிப்பு தீரும் இடம் மாறவில்லை, அங்கே வந்துவிட்டோம் என்று வண்டியின் உடல் சொல்வது மட்டும் நின்றுவிட்டது.

காட்டாற்றுப் படுகைகளிலும் மழை அரித்த மண் தடங்களிலும் ஓட்டும்போதுதான் இதற்குக் கொடுத்த விலை நியாயமாகத் தோன்றும். பழைய வண்டியில் இரு பக்கச் சக்கரங்களையும் ஒன்றாகச் சுழல வைக்கும் டிஃபரென்ஷியல் பூட்டைப் போடாமல் ஏற முடியாத ஒரு குறுக்குப் பள்ளத்தில், இதில் நான்கு சக்கரங்களும் தரையைத் தொட்டபடியே ஊர்ந்து ஏறிவிட்டேன். சக்கரம் தரையில் இருப்பது போதாது. அதன்மீது எடையும் இருக்க வேண்டும். ஆயில் தடையின்றி ஓடுவதால் நான்கிலும் எடை ஓரளவு சமமாகப் பகிரப்படுகிறது. உடல் ஒரு பக்கமாக வெடுக்கென்று சாயாததால் ஓட்டுநருக்கும் பதற்றம் குறைவு.

குளிர்ந்த காலை நேரங்களில் முதல் சில கிலோமீட்டருக்கு வண்டி முரட்டுத்தனமாக இருக்கும். ஆயில் தடித்திருப்பது முக்கியக் காரணம். நைட்ரஜனின் அழுத்தமும் வெப்பநிலையோடு மாறும். 10 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போனால் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கூடும். ஆகவே வண்டியின் உயரத்தை அளப்பவர்கள் எந்த வெப்பநிலையில் அளந்தார்கள் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தாம் ஆண்டின் நடுவில், சாலையின் சிறு இணைப்புகளும் சின்னக் கற்களும் உள்ளே கேட்கத் தொடங்கின. வளைவுகளில் எந்தக் குறையும் இல்லை. சொல்லப்போனால் முன்பைவிடவும் நிமிர்ந்து நின்றது. வழக்கமாகப் போகும் பணிமனையில் டயர் அழுத்தத்தைப் பார்த்தார்கள், இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ்களை மாற்றினார்கள், இறுதியில் முன் ஸ்பிரிங்குகளையும் மாற்றினார்கள். ஒன்றும் மாறவில்லை. நான்கு மாதம் கழித்து வேறொரு பணிமனையில், விவசாய இயந்திரங்களின் ஹைட்ராலிக் வேலையில் பழகிய ஒருவர் வண்டியைச் சற்று நேரம் அழுத்திப் பார்த்துவிட்டு, அக்குமுலேட்டரில் வாயு தீர்ந்திருக்கிறது என்றார். அதுவே சரி. உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வின் வழியே நைட்ரஜன் ஆண்டுக்கணக்கில் மெல்லக் கசிவது இயல்பு. சஸ்பென்ஷனில் இதேபோல் நைட்ரஜன் அடைத்த உருண்டைகள் கொண்ட சித்ரோயன் கார்களை வைத்திருந்தவர்களுக்கு இது பழைய கதை. வாயு குறைந்தால் ஆயிலுக்கு நெகிழ்ந்து கொடுக்க இடம் இல்லாமல் சவாரி கடினமாகும். ஆயில் குறைந்தால் அதற்கு நேர்மாறாக வளைவில் சாய்வு கூடும். இந்த இரண்டு அறிகுறிகளையும் முன்பே நான் பிரித்துத் தெரிந்துவைத்திருந்தால் ஒரு ஜோடி ஸ்பிரிங் மிச்சமாகியிருக்கும்.

ஆறாம் ஆண்டில் நடந்தது இன்னும் கடுமையானது. ஆற்றுப் படுகையில் ஒரு கல் தெறித்து, சேற்றால் அரிக்கப்பட்டிருந்த இரும்புக் குழாயைத் துளைத்தது. ஆயில் போனது முதல் தொகுதியில் மட்டுமே. சில நிமிடங்களில் வண்டி இடப்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தது, ஏனென்றால் அழுத்தம் குறையாத இரண்டாவது தொகுதி வலப்பக்கத்தைத் தூக்கி, இடப்பக்கத்தைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. சாதாரண வண்டியில் ஒரு ஷாக் அப்சார்பர் ஒழுகினால் ஒரு மூலை மட்டும் கெடும். இங்கே இடப்பக்கக் குழாயில் விழுந்த ஒரு துளை நான்கு சக்கரங்களையும் பாதித்தது. இந்த அமைப்பின் மீது எனக்கிருக்கும் உண்மையான மனக்குறை இதுதான். அதன் நன்மை எந்த இணைப்பிலிருந்து வருகிறதோ, நோயும் அதே இணைப்பு வழியாகத்தான் பரவுகிறது. ஸ்பிரிங்குகள் தனியாக இருந்ததால் வண்டி வழியில் நின்றுவிடவில்லை. சாய்வைத் தடுக்கப் பார் ஏதும் இல்லாத நிலையில், 80 கிலோமீட்டரை மூன்றரை மணி நேரத்தில் ஊர்ந்து கடந்து வந்தேன்.

பழுதுபார்ப்பு வழியோரத்தில் முடியும் காரியம் அன்று. குழாயை மாற்றிய பின் தொகுதியிலிருந்து காற்றை வெற்றிடப் பம்பால் முழுதாக உறிஞ்சி, ஆயிலைக் குறிப்பிட்ட அழுத்தத்துக்கு ஏற்றி, இரண்டு தொகுதிகளையும் சமப்படுத்த வேண்டும். அழுத்தம் சமமாவதற்கு முன்பே வீல் அலைன்மென்ட் பார்த்துவிட்டதால் எனக்கு அந்த வேலை இரண்டு முறை செலவு வைத்தது; சாய்ந்து நிற்கும் வண்டியில் எடுத்த அளவு, நிமிர்ந்த பின் செல்லாது. அழுத்தம் உள்ள குழாயின் இணைப்பைத் தளர்த்தி ஆயில் வருகிறதா என்று யாரும் கையால் தடவிப் பார்க்கக் கூடாது. மெல்லிய தாரையாகப் பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும், வெளியே சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் அது உடனடி அறுவைச் சிகிச்சை தேவைப்படும் காயம். அக்குமுலேட்டரில் நைட்ரஜனைத் தவிர வேறு எதையும் அடைக்கவும் கூடாது. ஆக்ஸிஜனோடு ஆயில் சேர்ந்தால் வெடிக்கும்.

உயரத்தைக் கூட்டும் ஸ்பிரிங்குகளைப் போட நினைப்பவர்கள், சிலிண்டர்களின் நீள்வரம்பு அப்படியே இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். வண்டி எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவு கீழ்நோக்கிய அசைவு போய்விடும். எதற்காக இந்த அமைப்பை வாங்கினோமோ அதுவே குறையும். நான் தொடவில்லை.

பெரும்பாலும் நல்ல சாலையில் தனியாகப் போய்வருபவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு சாதாரண பாரும், தேயும்போது மாற்றும் இரண்டு புஷ்களும் அவருக்குப் போதும். வாரத்தில் பாதி நாள் சுமையோடு நெடுஞ்சாலையிலும் மீதிப் பாதி கரடுமுரடான தடத்திலும் ஓட்டுபவருக்கு இதற்கு ஈடான வேறொன்றை நான் இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை. பழைய வண்டியாக வாங்குபவர்கள் அதைச் சமதரையில் ஓர் இரவு நிறுத்தச் சொல்லி, காலையில் நான்கு சக்கரங்களுக்கும் மேலுள்ள மட்கார்டு விளிம்பின் உயரத்தை அளந்து பாருங்கள். குழாய்க் கவ்விகளுக்குப் பின்னால் சேறு படிந்த இடங்களை விரலால் சுரண்டிப் பாருங்கள், துரு அங்கேதான் தொடங்கும்.

நான் மாதம் ஒருமுறை அந்த அளவை எடுத்து நோட்டில் குறித்து வருகிறேன். கடந்த மூன்று மாதங்களாக இடது பின்பக்கம் நான்கு மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கிறது, அந்தப் பக்கத்து ரப்பர் ஹோஸின் முனையில் ஈரம் தெரிகிறது. அடுத்த மாதம் அதை மாற்ற வேண்டும்.