லாவெண்டர் வேரழுகல்: 4 வருடம் இயற்கை முறையில் சமாளித்த அனுபவம்

முதல் வருடம் 3 செடிகளை நானே கொன்றேன். இலை வாடித் தொங்கியது, தாகம் என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றினேன். மறுநாள் இன்னும் வாடியது, இன்னும் ஊற்றினேன். மூன்றாவது செடியைப் பிடுங்கியபோதுதான் விஷயம் புரிந்தது. வேரை இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறை மாதிரி கழன்று வந்தது. உள்ளே பழுப்பு நூல் மட்டும் மிச்சம். மண் சொதசொதவென்று ஒரே அழுகல் வாடை.

இதற்குப் பெரும்பாலும் காரணம் ஃபைட்டோஃப்தோரா என்ற கிருமி. பூஞ்சை போலத் தெரிந்தாலும் உண்மையில் பூஞ்சை இல்லை. அதன் வித்துகள் ஈர மண்ணில் நீந்திப் போய் வேரைப் பிடிக்கும். அதனால் மருந்தைவிட முதலில் ஈரத்தைக் குறைக்க வேண்டும்.

கலவையில் பாதிக்குப் பாதி பெருமணலும் பெர்லைட்டும் (தண்ணீர் தேங்காமல் வடிய உதவும் வெள்ளை நிற லேசான கல்துகள்) சேர்த்து மண்தொட்டிக்கு மாறினேன். அடித்தட்டைத் தூக்கிப் போட்டேன். விரல் விட்டுப் பார்த்து, 2 அங்குலம் காய்ந்த பிறகே தண்ணீர். பாதிப் பிரச்சினை இதிலேயே தீர்ந்தது.

அப்புறம் டிரைக்கோடெர்மா விரிடி, அதாவது வேரைத் தாக்கும் கிருமிகளை அடக்கும் நல்ல பூஞ்சை, பாக்கெட்டில் கிடைக்கும். நடும்போது வேர்ப்பகுதியில் கலந்தேன், பிறகு மழைக்காலத்துக்கு முன் ஒரு முறை மாலை நேரத்தில் கரைத்து ஊற்றினேன். தடுப்புக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் அழுகிய வேரை இது உயிர்ப்பிக்காது. அந்த எதிர்பார்ப்போடு வாங்கினால் ஏமாற்றம்தான். உயிருள்ள பொருள் என்பதால் காலாவதித் தேதி பார்க்க வேண்டும். ஒரு பாக்கெட்டை வெயில் விழும் ஜன்னலோரம் வைத்து வீணாக்கினேன். ரசாயனப் பூஞ்சைக்கொல்லியோடு சேர்த்து ஊற்றவும் கூடாது.

வேப்பம் புண்ணாக்கு எனக்குச் சரிப்படவில்லை. கை தாராளமாகப் போட்டதில் செடி கொழுகொழுவென்று வளர்ந்து சாய்ந்தது. லாவெண்டருக்கு மெலிந்த மண்தான் பிடிக்கும். லவங்கப்பட்டைத் தூள் பற்றி நிறையச் சொல்கிறார்கள், நானும் தூவிப் பார்த்தேன். வேருக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை.

போன மழையில் பழைய செடி ஒன்று ஒரு பக்கமாகக் கருகியது. காப்பாற்றப் போராடவில்லை. பச்சையாக இருந்த பக்கத்தில் 4 குச்சி ஒடித்துப் புது மணலில் ஊன்றினேன், பழைய மண்ணை மூட்டை கட்டி அப்புறப்படுத்தினேன். இரண்டு குச்சி வேர் பிடித்திருக்கிறது.