ஆர்.எக்ஸ். 100-க்கு எந்த கிளட்ச் பிளேட்?

யமஹா ஆர்.எக்ஸ். 100 பைக்கின் தயாரிப்பு 1996-இல் நின்றது. கடைசியாக வந்த வண்டிக்கே முப்பது வயது நெருங்கிவிட்டது. கிளட்ச் மாற்ற வேண்டி வந்தால், கடையில் தக்கை, பேப்பர், கெவ்லார் (உறுதியான செயற்கை இழை) என்று மூன்று வகையைச் சொல்வார்கள்.

அதற்கு முன், ஆக்ஸிலேட்டரை முறுக்கும்போது சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால், கிளட்ச் ஸ்லிப் ஆகிறது, அதாவது பிடிக்காமல் வழுக்குகிறது; முதலில் கிளட்ச் லிவரில் ஃப்ரீ ப்ளே (கேபிள் இழுபடும் முன் சும்மா ஆடும் இடைவெளி) இருக்கிறதா என்று பாருங்கள். கேபிள் இறுக்கமாக இருந்தாலும் ஸ்லிப் ஆகும். கியர் பாக்ஸில் கார் ஆயில் ஊற்றியிருந்தாலும் ஆகும்; ஜாஸோ எம்.ஏ. (ஆயிலில் ஊறி ஓடும் பைக் கிளட்ச்சுக்கான ஜப்பான் தரம்) ஆயில்தான் வேண்டும்.

தக்கை பிளேட் விலை மலிவு, பிடிப்பு மென்மை. அந்தக் காலத்து ஜப்பான் வண்டிகள் பலவற்றில் தக்கைதான் இருந்தது. ஆனால் நெரிசலில் அரை கிளட்ச்சிலேயே ஊர்ந்தால் சூடு தாங்காமல் கருகி, மேல்பரப்பு பளபளத்துவிடும். அப்புறம் பிடிக்காது. பேப்பர் வகை சூட்டை இன்னும் நன்றாகத் தாங்கும், பிடிப்பும் சீராக இருக்கும். கெவ்லார் நீண்ட நாள் உழைக்கும். ஆனால் சில செட்கள் வெடுக்கென்று பிடிக்கும், இடையிடையே இருக்கும் ஸ்டீல் பிளேட்டையும் வேகமாகத் தேய்க்கும். போர்ட்டிங் செய்து, அதாவது சிலிண்டரின் துவாரங்களைச் செதுக்கி, பவர் ஏற்றிய எஞ்சினுக்கு அது சரி. 98 சி.சி.யில் 11 பி.எஸ். பவர் தரும் ஸ்டாக் எஞ்சினுக்குத் தேவையே இல்லை. தினமும் ஓட்டும் வண்டிக்கு நான் நல்ல பேப்பர் செட்டைத்தான் சொல்வேன்.

எந்த வகை வாங்கினாலும், பழைய பிளேட்டைக் கையோடு கொண்டுபோய் பல் அளவையும் பருமனையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அச்சு அசலாக கம்பெனி பாக்கெட்டிலேயே போலி வருகிறது.

பிளேட் மட்டும் போதுமா, அசெம்ப்ளியே மாற்றணுமா என்பதுதான் பெரிய கேள்வி. கவரைக் கழற்றியதும் ஹவுசிங்கின் (பிளேட்டுகள் உட்காரும் கிண்ணம்) காடிகளில் விரலை ஓட்டிப் பாருங்கள். பிளேட்டின் பற்கள் மோதி மோதி அங்கே சின்னச் சின்னப் பள்ளம் விழுந்திருக்கும். பள்ளம் ஆழமானால் பிளேட் அதில் மாட்டிக்கொள்ளும். லிவரைப் பிடித்தும் கிளட்ச் முழுதாக விடாது, சூடானதும் நியூட்ரல் விழாது. இதைப் புது பிளேட் தீர்க்காது. லேசான பள்ளத்தை அரத்தால் தேய்க்கலாம். நிறையத் தேய்த்தால் இடைவெளி அகன்று தட்டும் சத்தம் வரும். அப்போது ஹவுசிங் மாற்றுவதே வழி. சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் பழைய அசெம்ப்ளி வாங்கினாலும் இதே காடிகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கியர் சேரும் இடத்தில் ஆட்டம் இருந்தால் வேண்டாம்.

ஸ்டீல் பிளேட்டுகளைக் கண்ணாடி மேல் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பாருங்கள். வளைந்ததையும் நீலம் பாய்ந்ததையும் மாற்றிவிடுங்கள். ஸ்பிரிங்குகளை மொத்தமாக மாற்றுங்கள், ஆனால் ஒரிஜினல் பலத்திலேயே. கடினமான ரேஸிங் ஸ்பிரிங் போட்டால் சிக்னலுக்குச் சிக்னல் கை வலிக்கும், கேபிளும் சீக்கிரம் அறும்.

புது பிளேட்டுகளை முதல் நாள் இரவே கியர் பாக்ஸில் ஊற்றும் அதே ஜாஸோ எம்.ஏ. ஆயிலில் ஊறப்போட்டு, மறுநாள் பூட்டச் சொல்லுங்கள்.