பாப்பா போர்வைக்கு எந்த நூல்: பருத்தியா, அக்ரிலிக்கா, மில்க் காட்டனா, கம்பளியா?

குரோஷே (ஒற்றைக் கொக்கி ஊசியால் பின்னும்) போர்வைக்கு நூல் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கடையில் விரலால் தொட்டுப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். பந்தில் இருக்கும்போது உள்ள மென்மை வேறு, பின்னி முப்பது தடவை துவைத்த பிறகு மிஞ்சும் மென்மை வேறு. கைக்குழந்தையின் போர்வை கக்கலும் ஈரமும் பட்டு அடிக்கடி துவைபடும். அதனால் அதை யார் துவைக்கப் போகிறார்கள், எந்தத் தண்ணீரில், எங்கே காயப் போடுவார்கள் என்பதைக் கேட்டுக்கொண்டு நூலைத் தேர்ந்தெடுப்பதே சரி.

ஒப்பிட வசதியாக அளவை 75×90 செ.மீ. என்றும், நூலை டிகே (DK எனப்படும் நடுத்தர) பருமன் என்றும், கொக்கி ஊசியை 4 மி.மீ. என்றும் வைத்துக்கொள்வோம்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நம் ஊர்க் கடைகளில் ‘உல்லன் நூல்’ என்று கேட்டால் எடுத்துத் தருவது பெரும்பாலும் அக்ரிலிக். ஆட்டு ரோமம் அதில் ஒரு இழைகூட இருக்காது. லேபிள் இல்லாத நூல் என்றால் விரல் நீளம் வெட்டி, இடுக்கியில் பிடித்து, எவர்சில்வர் தட்டின் மேல் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். கம்பளி முடி கருகும் நாற்றம் தரும், தீயை விலக்கியதும் தானே அணையும், மிஞ்சும் கரி விரலில் நசுங்கும். அக்ரிலிக் உருகிக்கொண்டே எரிந்து கறுப்பு மணியாக இறுகும். ஆறிய பிறகு நசுக்கினாலும் உடையாது. கலவை நூலில் இரண்டும் சேர்ந்து தெரியும்.

எவ்வளவு நூல் வேண்டும் என்பதை வேறு யாரோ எழுதிய கணக்கை நம்பி வாங்காதீர்கள். முதலில் ஒரு சிறிய மாதிரித் துண்டு பின்னிப் பாருங்கள். 26 சங்கிலி போட்டு, ஊசியிலிருந்து 4-வது சங்கிலியில் தொடங்கி டபுள் குரோஷே (ஊசியில் நூலை ஒருமுறை சுற்றிப் போடும் உயரமான தையல்) பின்னினால், விட்ட 3 சங்கிலியையும் ஒரு தையலாகச் சேர்த்து வரிசைக்கு 24 தையல் வரும். (இது அமெரிக்க முறைப் பெயர். பிரிட்டிஷ் முறையில் இதே தையலுக்கு ட்ரெபிள் என்று பெயர். இதைக் கவனிக்காமல் தொடங்கினால் உயரமே மாறிவிடும்.) 15 செ.மீ. உயரம் வரும்வரை பின்னி, சமையலறைத் தராசில் எடை போடுங்கள். 15×15 என்றால் 225 சதுர செ.மீ. போர்வை 6,750 சதுர செ.மீ., அதாவது 30 மடங்கு. மாதிரி 10 கிராம் என்றால் போர்வைக்கு 300 கிராம். 13 கிராம் என்றால் 390. கரைக்கும் தவறுக்கும் சேர்த்துப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்குங்கள். அகலம் 15-க்கு வராவிட்டால் வந்த அளவை வைத்தே கணக்குப் போடலாம்.

இந்த எடை வித்தியாசம் சும்மா வருவதல்ல. ஒரு கன செ.மீ. பருத்தி இழை சுமார் 1.5 கிராம், அக்ரிலிக் 1.2-க்குச் சற்றுக் குறைவு, கம்பளி 1.3. ஒரே பருமனில் ஒரே போர்வையைப் பின்னினாலும் பருத்தியில் கனம் ஏறும், பந்தும் கூடுதலாகக் கேட்கும்.

பருத்திக்கு வருவோம். சென்னை, மதுரை, திருச்சி வெயிலுக்கு இதற்கு ஈடான நூல் இல்லை. சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் எட்டு விழுக்காடு ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். அக்ரிலிக் இரண்டு விழுக்காட்டைத் தாண்டாது. குழந்தையின் முதுகு வியர்த்து நனைவதும் நனையாமல் இருப்பதும் பெரிதும் இதைப் பொறுத்தது. நனைந்தால் பருத்தி இழையின் வலு கூடும், வெந்நீரைத் தாங்கும், இஸ்திரியையும் தாங்கும்.

ஆனால் பின்னுபவரின் கைக்கு இது கடினமான நூல். இழுத்தால் நீண்டு கொடுக்காது; இறுக்கிப் பின்னும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும். ஈரத்தோடு கொடியில் தொங்கவிட்டால் தண்ணீரின் கனமே போர்வையை நீளவாக்கில் இழுத்துவிடும். டபுள் குரோஷே போன்ற உயரமான தையலில் இது நன்றாகத் தெரியும்: பின்னும்போது 90 செ.மீ. இருந்தது சில மாதத்தில் நீண்டு, அகலம் குறுகிக் கோணலாகும். ஊசியை 3.5 மி.மீ.க்கு இறக்குவது, சிங்கிள் குரோஷேயும் (குட்டையான அடிப்படைத் தையல்) ஒரு சங்கிலியும் மாறி மாறி வரும் மாஸ் தையலுக்கு மாறுவது, துவைத்தபின் துண்டில் சுருட்டிப் பிழிந்து தட்டையாக விரித்து உலர்த்துவது ஆகிய மூன்றும் சேர்ந்தால் வடிவம் நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தடித்த பருத்திப் போர்வை லேசில் காயாது, முடைநாற்றம் பிடிக்கும். பருத்தியைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு மெல்லிய போர்வைகளாகப் பின்னுவது ஒரு தடித்த போர்வையைவிட உதவும். சிவப்பு, கருநீலம் போன்ற அடர்நிறங்களை வெள்ளையோடு சேர்க்கும் முன் ஈர வெள்ளைத் துணியில் நூலைச் சுற்றி இரவு முழுக்க வைத்துப் பாருங்கள். சாயம் இறங்கினால் அந்த நிறத்தை விட்டுவிடுங்கள்.

மெர்சரைஸ் செய்த (காரக் கரைசலில் பதப்படுத்திய) பருத்தி பளபளப்பாக அழகாக இருக்கும். மேசை விரிப்புக்கும் பைக்கும் அது ஏற்றது. பாப்பா போர்வைக்குச் சாதாரண மேட் பருத்திதான் மிருதுவாகக் குழையும்.

அக்ரிலிக்கைத் தரக்குறைவான நூல் என்று ஒதுக்குவது நியாயமில்லை. விலை குறைவு, நிறங்கள் ஏராளம், மெஷினில் போடலாம், சீக்கிரம் காயும், வெயிலில் எளிதில் வெளுக்காது, பூச்சி அரிக்காது. பின்னும்போது லேசாக நீண்டு கொடுப்பதால் புதிதாகக் கற்பவர்களின் தையல் ஏற்றத்தாழ்வையும் மறைக்கும். குறைகள் இரண்டு. உரசும் இடத்தில் மணிமணியாகத் திரளும்; மலிவான, முறுக்குக் குறைந்த நூலில் இது சீக்கிரமே தொடங்கும். அதைவிட முக்கியமானது சூடு. இஸ்திரிப் பெட்டி ஒருமுறை அழுத்தினால் போர்வை தளர்ந்து தொய்ந்துபோகும், பழையபடி வரவே வராது. குழந்தையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டும் வீடுகளில் தணலிலிருந்து ஒரு பொறி விழுந்தால் போதும், அந்த இடம் உருகி ஓட்டையாகும். உருகியது தோலிலும் ஒட்டும். சாம்பிராணித் தட்டு இருக்கும் இடத்துக்கு அக்ரிலிக் போர்வையைக் கொண்டுபோகவே கூடாது.

மில்க் காட்டன் என்று விற்பது பெரும்பாலும் பருத்தி-அக்ரிலிக் கலவை. விகிதம் நூலுக்கு நூல் மாறும், லேபிளைப் படித்தே வாங்க வேண்டும். தொடுவதற்கு இந்த நான்கில் இதுவே பட்டுப்போல இருக்கும். ஆனால் இழைகள் தளர்வாக முறுக்கப்பட்டிருப்பதால் ஊசிமுனை நூலைப் பிளந்துகொண்டு போகும். கூர்மையான முனையை விட்டு உருண்டை முனை ஊசிக்கு மாறினால் பாதித் தொல்லை தீரும். துவைக்கத் துவைக்கப் பஞ்சு எழும் என்பதால் போர்வையைவிடத் குழந்தைத் தொப்பிக்கும் பின்னல் காலணிக்கும் நல்ல நூல் என்பேன்.

கம்பளி ஊட்டி, கொடைக்கானலுக்கும், டொராண்டோ, லண்டன் குளிருக்கும் உரியது. மெரினோ (மெல்லிய இழையுள்ள ஆட்டு ரோமம்) என்றால் குத்தாது. ஈரத்தை உள்வாங்கிக்கொண்டே வெதுவெதுப்பைக் காக்கும். ஆனால் சாதாரணக் கம்பளியை வெந்நீரில் கசக்கினால் இழைகளின் செதில்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, போர்வை சுருங்கித் தடித்த பலகையாகிவிடும். சூப்பர்வாஷ் என்று எழுதிய நூலில் அந்தச் செதில்களை அடக்கியிருப்பார்கள். அது சுருங்காது, மாறாக ஈரத்தில் நீளும், எனவே தட்டையாகத்தான் உலர்த்த வேண்டும். பெட்டியில் வைக்கும் முன் துவைத்து நன்றாகக் காய வைக்காவிட்டால் அந்துப்பூச்சி அரிக்கும்.

சமவெளியில் உங்கள் கையாலேயே துவைக்கப்போகும் போர்வைக்குப் பருத்தி. சீமந்தத்துக்கோ தொட்டில் போடுவதற்கோ பிறர் வீட்டுக்குப் பரிசாகப் போகிறது, எப்படித் துவைப்பார்கள் என்று தெரியாது என்றால் நல்ல முறுக்குள்ள அக்ரிலிக். கம்பளியைத் தாயிடம் கேட்டுச் சம்மதம் வாங்காமல் பின்ன வேண்டாம். கைத்துவையல் என்பது பிள்ளை பெற்ற வீட்டில் பெரிய சுமை.

நூல் முனையை இணைப்பதிலும் நூலுக்கு நூல் வித்தியாசம் உண்டு. சூப்பர்வாஷ் அல்லாத கம்பளியில் இரு முனைகளையும் 5 செ.மீ. பிரித்து, ஈரமாக்கி, உள்ளங்கையில் உருட்டினால் ஒன்றாகிவிடும். இது பருத்தியிலும் அக்ரிலிக்கிலும் நடக்காது. வழவழப்பான பருத்தியில் மேஜிக் முடிச்சுப் (இரு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்று முடிச்சிட்டு இழுத்து இறுக்குவது) போட்டு ஒட்ட வெட்டினால், சில துவையலில் முடிச்சு நழுவி நடுவில் ஓட்டை விழும். 15 செ.மீ. வால் விட்டு, மொண்ணையான தையல் ஊசியால் மூன்று திசையில் மாற்றி மாற்றிக் கோத்து விடுங்கள்.

எந்த நூலானாலும் குஞ்சம் வேண்டாம். குழந்தையின் விரல் நுழையும் துளையுள்ள லேஸ் தையலும் வேண்டாம்; தளர்ந்த ஒரு சங்கிலி வளையம் போதும், கால்விரலில் சுற்றி இறுக்கிக்கொள்ள. ஒரு வயது நிறையும்வரை தூங்கும் குழந்தையின் மேலோ பக்கத்திலோ எந்தப் போர்வையையும் தளர்வாக விடக்கூடாது. மடியில் வைத்திருக்கும்போதும், தள்ளுவண்டியில் விழித்திருக்கும்போதும், தரையில் குப்புற விளையாடும்போதும் பெரியவர் கண்ணெதிரே பயன்படுத்துங்கள்.